ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசி வரி

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக் கடலோடிகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாரே, தம்பிமாரே, கரையில் காத்திருக்கும் அக்காமாரே, உம்மாமாரே,

இருபது வருடத்துக்கு மேலாக இந்தக் கரையை ஒட்டிய ஊர்களில் ஸ்கேன் அறையின் அரை இருட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன் நான். உங்களில் பலருடைய விலாவில் அந்தக் குளிர்ந்த களிம்பைத் தடவி, "மூச்ச இழுத்துப் பிடிங்க" என்று சொல்லியிருக்கிறேன். முகம் மறந்துபோனாலும், வலை இழுத்துக் காய்த்துப்போன அந்த உள்ளங்கைகள் எனக்கு நினைவிருக்கின்றன. இரண்டு பேரின் கதை என்னைத் தூங்கவிடாமல் செய்ததால்தான் இதை எழுதுகிறேன்.

முதலாமவர் ஆழ்கடல் படகில் போகிறவர், ஐம்பது தாண்டியவர். கல்லடைப்பு வலியில் துடித்துக்கொண்டு வந்தார். இடது கிட்னியிலிருந்து இறங்கும் குழாயில் 6 மில்லிமீட்டர் கல். வலிக்குக் காரணம் கிடைத்துவிட்டது. வழக்கப்படி வலது பக்கமும் கருவியை வைத்தேன். கிட்னியின் மேல்முனையில் வெள்ளையாக ஓர் உருண்டை. அளந்தேன், 2.8 சென்டிமீட்டர். அவருக்கு அதனால் ஒரு வலியும் இல்லை. அப்படி ஒன்று உள்ளே இருப்பதே அவருக்குத் தெரியாது.

"இது நல்ல கட்டியா, கெட்ட கட்டியா டாக்டரே? அத மட்டும் சொல்லுங்க, நான் போறேன்" என்றார்.

"இத வச்சு உறுதியா சொல்ல முடியாது. மருந்து போட்டு ஒரு சி.டி. எடுக்கணும்" என்றேன்.

"இவ்வளவு பெரிய மெஷின் வச்சிருக்கியளே, இதுகூட தெரியாதா?"

ரிப்போர்ட்டின் கடைசி வரியில் 'சி.டி. எடுத்து உறுதி செய்யவும்' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு வாரத்தில் கல் தானாக விழுந்துவிட்டது. வலி போனது. காகிதம் வங்கிப் புத்தகத்தோடும் படகுக் காகிதங்களோடும் இரும்புப் பெட்டிக்குள் போனது. அவர் கடலுக்குப் போனார். மூன்று வருடம் கழித்து சிறுநீரில் ரத்தம் கண்டு திரும்பி வந்தபோது கட்டி ஐந்து சென்டிமீட்டரைத் தொட்டிருந்தது. கிட்னியின் நடுப்பகுதி வரை இறங்கியிருந்தது. முழுக் கிட்னியையும் எடுக்க வேண்டியதாயிற்று. இன்று நன்றாக இருக்கிறார். ஆனாலும், முதல் முறை வந்தபோதே சி.டி. எடுத்திருந்தால் கட்டியை மட்டும் வெட்டி எடுத்து மீதிக் கிட்னியைக் காப்பாற்றியிருக்கலாம்.

இரண்டாமவர் வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த இளைஞர். வயிற்றுக் கோளாறுக்கு எடுத்த ஸ்கேனில் கிட்னியில் கட்டி என்று வந்தது. அன்று ராத்திரியே வீட்டில் அழுகை. "வச்சிருந்தா பரவிடும், சீக்கிரம் எடுத்துடணும்" என்று ஆளாளுக்குச் சொல்ல, விடுப்பு முடிவதற்குள் எல்லாம் முடிய வேண்டும் என்று அவரும் அவசரப்பட, பத்து நாளில் ஒரு மருத்துவமனையில் கிட்னியை எடுத்துவிட்டார்கள். அந்த மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். எடுத்த கட்டியைச் சோதித்த ரிப்போர்ட் பிறகு வந்தது. அது வெறும் கொழுப்புக் கட்டி. புற்றே அல்ல. கட்டிக்குள் கொழுப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை நடுவில் யாரும் செய்யவில்லை. அந்தக் காகிதத்தை என் மேசையில் விரித்து வைத்துவிட்டு அந்தப் பிள்ளை ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தது என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

இரண்டு பேருடைய ரிப்போர்ட்டிலும் கடைசி வரி ஒன்றுதான். ஒருவர் அதைப் படிக்கவில்லை. மற்றவர் அதற்காகக் காத்திருக்கவில்லை.

அந்த அண்ணன் கேட்ட கேள்வி நியாயமானது. அவ்வளவு பெரிய மெஷினுக்கு ஏன் தெரியவில்லை? இந்தக் கரையில் அதை விளக்குவது மற்ற ஊர்களைவிட எளிது, ஏனென்றால் நீங்கள் ஏற்கெனவே எதிரொலி படிக்கிறவர்கள். உங்கள் படகில் இருக்கும் எக்கோ சவுண்டரும் என் மேசையில் இருக்கும் ஸ்கேன் மெஷினும் ஒரே குடும்பம். ஒலியை அனுப்பி, அது மோதித் திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்கிட்டு, இத்தனை ஆழத்தில் ஏதோ இருக்கிறது என்று இரண்டும் சொல்கின்றன. கடல்நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். நம் சதையில் ஓடும் வேகம் 1,540 மீட்டர். உடம்புக்குள் இருப்பதும் பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தானே. உங்கள் கருவி விநாடிக்கு 50 ஆயிரம் அதிர்விலோ 2 லட்சம் அதிர்விலோ வேலை செய்யும். வயிற்றைப் பார்க்கும் என் கருவிக்கு 20 லட்சத்திலிருந்து 50 லட்சம் அதிர்வு வேண்டும். ஆழம் போனால் 50-இல் வைப்பீர்கள். கரையோரத்தில் துல்லியமாகப் பார்க்க 200-க்கு மாற்றுவீர்கள். பருமனான உடம்புக்கு நானும் அதிர்வைக் குறைத்து ஆழத்தை எட்டுகிறேன். அப்போது படத்தின் தெளிவு கொஞ்சம் போய்விடும். குடலில் வாயு நிறைந்திருந்தால் அதற்குப் பின்னால் இருப்பது எனக்குத் தெரியாது. 2 சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டி என் கண்ணுக்குத் தப்பிவிடுவதும் உண்டு.

திரையில் சிவப்பாக அடர்ந்து விழுவதெல்லாம் பெரிய மீன்கூட்டம் என்று எந்த ஸ்ராங்கும் நம்பிவிடுவதில்லை. மீனின் வயிற்றிலுள்ள காற்றுப்பைதான் பெரும்பங்கு எதிரொலியைத் தருகிறது. காற்றுப்பை இல்லாத வரிச்சூரை கூட்டமாக ஓடினாலும் மங்கலாகத்தான் விழும். திரையின் வெளிச்சத்தை வைத்து அங்கே ஏதோ இருக்கிறது என்று சொல்லலாம், இன்ன மீன் என்று சொல்ல முடியாது. வலை போட்டு ஏற்றினால்தான் இனம் தெரியும். கிட்னிக் கட்டியின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

ஆனால் ஸ்கேன் அடித்துச் சொல்லக்கூடிய ஒன்று உண்டு. கட்டிக்குள் இருப்பது தண்ணீரா, சதையா?

கிட்னி திரையில் முந்திரிக்கொட்டை வடிவத்தில் விழும். ஓரம் சாம்பல், நடுவில் வெள்ளை. அதில் நீர்க்கட்டி இருந்தால் அந்த இடம் மட்டும் மை கொட்டியது போலக் கறுத்திருக்கும், ஏனென்றால் தெளிந்த தண்ணீருக்குள் ஒலி எதிலும் மோதுவதில்லை. சுற்றுச்சுவர் நூல் போல மெலிந்து, ஓரம் சீராக இருக்கும். தண்ணீரில் சக்தி குறையாமல் ஒலி கடந்து போவதால், கட்டிக்குப் பின்னால் இருக்கும் சதை பக்கத்து இடங்களைவிட வெளிச்சமாகத் தெரியும். இந்த மூன்றும் ஒன்றாக இருந்தால் அது சாதாரண நீர்க்கட்டி. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இது சர்வசாதாரணம். இது புற்று இல்லை. தொந்தரவு தராதவரை ஊசி போட்டு உறிஞ்சவும் வேண்டாம், அறுக்கவும் வேண்டாம். என் அறைக்கு வந்து 'கட்டி' என்ற சொல்லைக் கேட்டதும் முகம் வெளிறியவர்களில் பெரும்பாலோருக்கு இருந்தது இதுதான். அவர்களிடம் நான் தயங்காமல் சொல்லிவிடுவேன்: "வீட்டுக்குப் போய் நல்லா சாப்பிடுங்க."

தண்ணீரா சதையா என்ற இந்தக் கேள்வியில்தான் மருத்துவ ஸ்கேனின் வரலாறே தொடங்குகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்டு என்ற மகப்பேறு மருத்துவர் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் பணியாற்றியவர். ரேடாரையும் சோனாரையும் அங்கே அறிந்தவர். கொதிகலன் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இரும்புக்குள் விரிசல் இருக்கிறதா என்று ஒலி அனுப்பிப் பார்க்கும் கருவி இருந்தது. 1955-இல் அவர் அறுவையில் எடுத்த கர்ப்பப்பைக் கட்டிகளையும் நீர்க்கட்டிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு அந்தத் தொழிற்சாலைக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டை அங்கே வாங்கி வைத்திருந்தார்கள். நீர்க்கட்டி ஒருவிதமாக எதிரொலித்தது, சதைக்கட்டி வேறுவிதமாக எதிரொலித்தது. பிறகு அவரிடம் ஒரு பெண் வந்தார். வயிறு வீங்கி, இரைப்பைப் புற்று, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிடப்பட்டவர். கருவியை வைத்துப் பார்த்தபோது உள்ளே தெரிந்தது தண்ணீர், அதுவும் ஒரே பெரிய பைக்குள். சினைப்பையில் வளர்ந்த நீர்க்கட்டி அது. அதை அறுத்து எடுத்ததும் அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். 1958 ஜூன் 7-ஆம் தேதி 'லான்செட்' மருத்துவ இதழில் இந்த ஆய்வு வெளிவந்தது.

நம் ஜில்லாவிலும் அதற்கு முந்தைய காலம் ஒன்று இருந்தது. 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போன தியோடர் ஹோவர்டு சாமர்வெல் என்ற அறுவை மருத்துவர் திரும்பும் வழியில் நெய்யூர் மிஷன் மருத்துவமனையைப் பார்த்தார். வாசலில் நின்ற நோயாளிக் கூட்டத்தைக் கண்டு இங்கேயே வேலை பார்ப்பதென்று முடிவெடுத்தார். அவர் கையால் அறுவை செய்துகொண்டு பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் உங்களிலும் இருப்பார்கள். அன்று வயிற்றுக்குள் இருக்கும் கட்டி எப்படிப்பட்டது என்று அறிய வயிற்றைத் திறந்துதான் பார்க்க வேண்டும். இன்று பத்து நிமிடத்தில் ஒரு கீறலும் இல்லாமல் தண்ணீரா சதையா என்று தெரிந்துவிடுகிறது. இதை நான் சிறிய காரியமாக நினைக்கவில்லை.

சிக்கல் அதற்கு அப்பால் இருக்கிறது. சதை என்று தெரிந்துவிட்டது, சரி. எந்தச் சதை?

வெள்ளையாகப் பளிச்சென்று விழும் உருண்டை பெரும்பாலும் கொழுப்பும் ரத்தக்குழாயும் தசையும் கலந்து வளர்ந்த சாதுவான கட்டி. ஆஞ்சியோமயோலிப்போமா என்பார்கள். பெண்களுக்குத்தான் அதிகம் வரும். சிறியதாக இருந்தால் கண்காணித்து வந்தாலே போதும். 4 சென்டிமீட்டருக்கு மேல் போனால் உள்ளுக்குள் ரத்தம் கசியும் ஆபத்து உண்டு என்பதால் சிகிச்சையைப் பற்றி யோசிப்பார்கள். 'வெள்ளை என்றால் கொழுப்பு, கொழுப்பு என்றால் பயமில்லை' என்று முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் 3 சென்டிமீட்டருக்குள் இருக்கும் சிறிய கிட்னிப் புற்றுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று இதேபோல வெள்ளையாக விழும். அந்த அண்ணனுக்கு இருந்தது அப்படிப்பட்டதுதான். கட்டியைச் சுற்றிக் கறுப்பு வளையமோ உள்ளே சிறு நீர்க்குழிகளோ தெரிந்தால் புற்று என்ற சந்தேகம் கூடும். கட்டிக்குப் பின்னால் நிழல் விழுந்தால் கொழுப்புக் கட்டி என்ற நம்பிக்கை கூடும். கூடும், குறையும் என்றுதான் என்னால் பேச முடியும். சத்தியம் செய்ய முடியாது.

ஆன்கோசைட்டோமா என்று இன்னொரு கட்டி இருக்கிறது. குணத்தில் சாது, தோற்றத்தில் புற்று. ஸ்கேனில் மட்டுமல்ல, சி.டி.யிலும் பல நேரம் இதைப் புற்றிலிருந்து பிரித்தறிய முடிவதில்லை. கட்டியே இல்லாமல் கட்டி போலத் தெரிவதும் உண்டு. கிட்னியின் சொந்தச் சதையே சிலருக்கு நடுவில் தடித்து உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். இடது கிட்னியில் மண்ணீரல் அழுத்துவதால் ஒட்டகத் திமில் போல ஒரு மேடு வரும். நெடுநாள் கல்லும் சீழும் சேர்ந்து அழுகிய கிட்னி புற்றைப் போலவே தோன்றி அனுபவசாலிகளையும் ஏமாற்றியிருக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் இதைக் கூடுதலாகப் பார்க்கிறோம். நீர்க்கட்டிகளிலும் எல்லாம் தெளிந்த தண்ணீர் அல்ல. உள்ளே தடுப்புச்சுவர், தடித்த ஓரம், சதைப்பொட்டு என்று இருப்பவற்றை நியூயார்க்கின் மார்ட்டன் போஸ்னியாக் 1986-இல் சி.டி. படங்களைக் கொண்டு வகைப்படுத்தினார். உங்கள் ரிப்போர்ட்டில் 'போஸ்னியாக்' என்ற சொல்லும் பக்கத்தில் ஒரு எண்ணும் இருந்தால் அது இந்த வகைதான். எண் ஒன்று, இரண்டு என்றால் நிம்மதி. இரண்டுக்குப் பக்கத்தில் எஃப் என்ற எழுத்து இருந்தால் மறக்காமல் மறுபடி மறுபடி படம் எடுத்துப் பார்க்க வேண்டும். மூன்று, நான்கு என்றால் சிறுநீரக அறுவை மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஜி.பி.எஸ். வருவதற்கு முன்னால் உங்கள் வாப்பாமாரும் அப்பன்மாரும் கடலுக்கடியில் இருக்கும் பாரை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கரையில் இருக்கும் பள்ளியையோ கோயிலையோ அதற்குப் பின்னால் தெரியும் ஒரு மலைமுகட்டோடு நேர் பிடித்தார்கள். அந்த ஒரு நேர் போதாது. அந்தக் கோட்டில் எங்கே வேண்டுமானாலும் பார் இருக்கலாம். வேறு பக்கத்தில் இன்னும் இரண்டு அடையாளங்களைப் பிடித்து இரண்டாவது நேர் போட்டார்கள். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தூண்டில் இறக்கினார்கள். ஸ்கேன் முதல் நேர். மருந்து போட்டு எடுக்கும் சி.டி. இரண்டாவது.

சி.டி. ஒலியால் பார்ப்பதில்லை, எக்ஸ்-கதிரால் பார்க்கிறது. அதன் கணக்கில் தண்ணீருக்குப் பூஜ்யம். கொழுப்பு பூஜ்யத்துக்குக் கீழே மைனஸில் இறங்கும். மருந்து ஏற்றாமல் எடுக்கும் முதல் படத்தில் கட்டிக்குள் கண்கூடாக மைனஸ் எண் கிடைத்தால், அது அநேகமாகச் சாதுவான கொழுப்புக் கட்டிதான். அந்த வளைகுடாப் பிள்ளைக்கு இந்த ஒரு படம் போதுமாக இருந்திருக்கும். பிறகு கை நரம்பில் மருந்து ஏற்றி மறுபடி எடுப்பார்கள். ரத்தத்தை வேகமாகக் குடிக்கும் கட்டி பளிச்சென்று ஒளிரும். தண்ணீர் ஒளிராது. அந்த மருந்து கிட்னி வழியாக வெளியேறுவதால், ஏற்றுவதற்கு முன் கிரியேட்டினின் அளவைப் பார்ப்பார்கள். சர்க்கரை, பிரஷர் இருப்பவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கிரியேட்டினின் கூடியவர்களுக்கு வழி என்ன? இங்கே ஸ்கேனே மறுபடி கைகொடுக்கிறது. நுண்ணிய வாயுக்குமிழிகள் கலந்த திரவத்தை நரம்பில் ஏற்றி ஸ்கேன் எடுக்கும் முறை வந்துவிட்டது. ஒவ்வொரு குமிழியும் சிவப்பணுவைவிடப் பெரிதல்ல. மீனின் காற்றுப்பை போலவே காற்று எதிரொலியைப் பெருக்கும் என்பதால், ரத்தம் ஓடும் இடமெல்லாம் திரையில் மின்னும். வேலை முடிந்ததும் வாயு மூச்சு வழியாக வெளியே போய்விடும், கிட்னிக்குச் சுமை இல்லை. நீர்க்கட்டியின் தடுப்புச்சுவருக்குள் ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்க இது மிகவும் உதவுகிறது. எல்லா ஸ்கேன் அறைகளிலும் இந்த வசதி கிடையாது. பெரிய மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள். எம்.ஆர்.ஐ.யும் ஒரு வழி.

இத்தனைக்கும் பிறகு சந்தேகம் நின்றால், ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துச் சோதிப்பார்கள். "ஊசி குத்தினா பரவிடும்" என்ற பேச்சு நம் ஊர்களில் வலுவாக இருக்கிறது. கிட்னிக் கட்டியில் ஊசி போன வழியில் புற்று பரவுவது மிக மிக அபூர்வம். கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கி, அடியில் சேறா, மணலா, பாரா என்று கை நுனியில் உணர்ந்தவர்களின் பிள்ளைகள் நீங்கள். தொட்டுப் பார்ப்பதன் அருமையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 4 சென்டிமீட்டருக்குள் இருக்கும் சதைக்கட்டிகளை அறுவையில் எடுத்துச் சோதித்ததில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று புற்று அல்ல என்று தெரியவந்திருக்கிறது. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்தவற்றில் பாதியை நெருங்கும் அளவுக்குச் சாதுவானவை. 7 சென்டிமீட்டரைத் தாண்டியவற்றிலோ மிகப் பெரும்பாலானவை புற்றுதான். சிறிய கட்டிகள் சராசரியாக வருடத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர்தான் வளர்கின்றன. சில அப்படியே நிற்கும், சில அந்த அண்ணனுக்கு வந்தது போல வேகம் பிடிக்கும். ஆகவே ரிப்போர்ட் கையில் கிடைத்த அன்று ராத்திரியே படகை விற்க வேண்டாம், தாலிச் சங்கிலியை அடகு வைக்க வேண்டாம். இரண்டு மூன்று வாரம் எடுத்து, முறையாகச் சோதித்து, இரண்டு மருத்துவர்களைக் கேட்டு முடிவெடுக்க நேரம் இருக்கிறது. ஆனால் அடுத்த சீசனுக்கு, அதற்கடுத்த சீசனுக்கு என்று வருடக்கணக்கில் இழுத்தடிக்க நேரம் இல்லை. முதியவர்களுக்கும் இருதய நோய் உள்ளவர்களுக்கும் சிறிய கட்டி இருந்தால், அறுக்காமல் சில மாதங்களுக்கு ஒருமுறை படம் எடுத்துக் கண்காணிப்பதும் இன்று ஏற்கப்பட்ட சிகிச்சைதான். புற்று என்றே உறுதியானாலும், சிறியதாக இருந்தால் கட்டியை மட்டும் எடுத்து மீதிக் கிட்னியைக் காப்பாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். வெயிலில் தண்ணீர் காணாமல் வேலை செய்து கல் சேரும் உடம்பு உங்களுடையது. அரைக் கிட்னிகூட உங்களுக்குச் சொத்து.

வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம் போனால் கடலுக்குப் போகாதீர்கள். ஒரே ஒரு முறை போய் நின்றுவிட்டாலும் சரி. வலியோடு வந்தால் கல்லாக இருக்கலாம். வலியில்லாத ரத்தத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும், மூத்திரப்பையைக் குழாய்க் கருவி விட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வருகிறது: "நம்ம மணலாலதான் இந்தக் கட்டியெல்லாம் வருதா டாக்டரே?" மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பது உண்மை. அந்தக் கண்டுபிடிப்பே நம் கயிற்றிலிருந்து தொடங்கியது. திருவிதாங்கூர்க் கரையிலிருந்து கப்பலேறிப்போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் இந்தக் கரையைத் தேடி வந்தார். அந்த மணலில் தோரியம் இருக்கிறது, கதிர்வீச்சும் இருக்கிறது. இதேபோன்ற மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் ஏறக்குறைய 70,000 பேரைச் சராசரி பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். மணலின் கதிர்வீச்சால் புற்று கூடியதாக அந்த ஆய்வில் தெரியவில்லை. அது கிட்னியை மட்டும் தனியாகப் பார்த்த ஆய்வு இல்லை, கடைசி வார்த்தையும் இல்லை. மணலைக் கண்காணிக்கும்படி அரசிடம் கேட்கும் உரிமை நமக்கு எப்போதும் உண்டு. ஆனால் கிட்னிப் புற்றுக்கு இது காரணம் என்று உலகம் முழுக்க உறுதியானவை வேறு: புகை, அதிக எடை, கட்டுக்குள் வைக்காத ரத்த அழுத்தம். மணலை நினைத்து நடுங்கிக்கொண்டே பீடியைப் பற்றவைக்கிற கையைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

படகு உடமைக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் படகில் வரும் ஆள் ஒருவர், சி.டி. எடுக்க நாள் குறித்திருக்கிறார்கள் என்று சொன்னால், அந்த ஒரு ஓட்டத்துக்கு அவரைக் கரையில் விட்டுவிடுங்கள், அடுத்த ஓட்டத்தில் அவர் இடத்தை அவருக்கே கொடுங்கள். வேலை போய்விடும் என்ற பயத்தில் காகிதத்தை மறைக்கிறவர்கள் உண்டு. ஜமாஅத்திலும் பங்கிலும் இருக்கும் பெரியவர்களிடமும் கேட்கிறேன். அறுவைக்குப் பணம் திரட்டிக் கொடுக்க நீங்கள் தயங்கியதே இல்லை. அதற்கு முன்னால், சி.டி.க்கான செலவுக்கும் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போக ஓர் ஆளுக்கும் ஏற்பாடு செய்தால், அறுவையே வேண்டியிராத சிலரை அதிலிருந்து காப்பாற்றியவர்கள் ஆவீர்கள். நெய்யூர் புற்றுநோய் மையம் பக்கத்திலேயே இருக்கிறது. 1981 முதல் இயங்கும் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குக் காலையில் பஸ் ஏறினால் போய்விடலாம். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையை வீட்டில் தேடி எடுத்து வையுங்கள்.

வளைகுடாவில் எடுத்த பழைய ஸ்கேன் இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் அதே இடத்தில் அதே அளவில் கட்டி இருந்ததா என்பதை அந்தப் பழைய படம் சொல்லும். அது எங்களுக்குப் பொன்.

உங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில், பாய்க்கு அடியில், வேதபுத்தகத்துக்குள், ஓதும் கிதாபுக்குள் மடித்து வைத்த ஸ்கேன் காகிதம் ஒன்று இருக்கலாம். அதை எடுத்து, ஆங்கிலம் படித்த பிள்ளையை விட்டுக் கடைசி வரியைப் படிக்கச் சொல்லுங்கள். அதில் சி.டி. என்ற இரண்டு எழுத்து இருந்தால், அடுத்த முறை படகு கரைக்கு வந்ததும் அந்தக் காகிதத்தோடு வாருங்கள். என்னிடம்தான் வர வேண்டும் என்றில்லை, எந்த மருத்துவரிடமாவது போங்கள். எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள்.

அன்புடன்,
உங்கள் கரையின் ஸ்கேன் மருத்துவன்